காய்ச்சல் விட்டதும் ஊற்றிய தண்ணீர்

முருகேசா, இதை எழுதுவது உன் அப்பா. ஆள் வைத்து எழுதவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். நம்ப மாட்டாய் என்று தெரியும், அதனால் இன்னொரு முறையும் சொல்கிறேன், என் கையாலேயே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு நடக்கிற வகுப்புக்குப் போகிறேன் என்று போனில் சொன்னபோது நீ சிரித்தாய். அந்த வகுப்பில் நான் ஒருத்தன்தான் ஆண். மற்றவர்கள் எல்லாம் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள். முதல் நாளே என்னைப் பெஞ்சு ஓரத்தில் உட்காரவைத்து, "இன்னாங்க, புதுசா பொண்ணு பாத்து லெட்டர் எழுதப் போறீங்களா?" என்று கேலி செய்தார்கள். செய்யட்டும். இப்போது வடக்கனந்தல் பஸ் நிறுத்தத்தில் நின்றால் வருகிற பஸ்ஸின் பலகையை யாரையும் கேட்காமல் நானே படிக்கிறேன். சின்னசேலம் என்று போட்டிருந்தால் அது சின்னசேலம்தான். எழுபது தாண்டி இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யார் கண்டது. ஒவ்வொரு வரி முடிந்ததும் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்க்கிறேன். அப்போதுதான் நாற்று நட்டு முடித்த வயலைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

ஆனால் என் சந்தோஷத்தைச் சொல்ல இந்தத் தாளை எடுக்கவில்லை. உன்மேல் எனக்குக் கோபம். போனில் சொல்லலாம் என்று எத்தனையோ தரம் ஆரம்பித்தேன். நான் பாதி சொல்வதற்குள், "யப்பா, உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சும்மா இரு" என்று வைத்துவிடுகிறாய். தாளில் அப்படி வைக்க முடியாது பார். நான் எழுதுகிற மட்டும் நீ படித்துத்தான் ஆக வேண்டும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ திருப்பூரில் லீவு போட்டுவிட்டு, மலை ஏறிப்போய், உன் பெண்சாதி பூங்கொடியை அவள் அம்மா வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். அவள் உன் அப்பாவைச் சாகக் கொடுக்கப் பார்த்தவள் இல்லை. உன் அப்பாவைப் பிழைக்க வைத்தவள். இதை ஊர் நடுவில் வைத்து நீ சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர் நடுவில் வைத்துத்தான் அவளைத் திட்டினாய்.

நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. நீ கடைசியில் வந்தவன். சின்னசேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தேன், அங்கே சாப்பாட்டுப் பந்தியில் பாதிப் பேர் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள். வந்த மறுநாளே எனக்கு மூக்கு ஒழுகியது, உடம்பு அடித்துப்போட்ட மாதிரி வலித்தது, காய்ச்சல் கொதித்தது. ஊரெல்லாம் அதே காய்ச்சல்தான். பூங்கொடி கஞ்சியும் மிளகு ரசமும் கொடுத்தாள், காய்ச்சல் மாத்திரை கொடுத்தாள், நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டது. விட்டதும் நான் கேட்டது என்ன? நம் பக்கத்தில் எல்லோரும் கேட்பதுதான். தலைக்குத் தண்ணீர் ஊற்று என்றேன். காய்ச்சல் விட்டால் தலைக்கு ஊற்றி, நெற்றியில் விபூதி பூசி, ரசம் சோறு போட்டால்தான் நோய் முடிந்தது என்று நமக்குக் கணக்கு. அதுவரைக்கும் நோயாளி, அதற்குப் பிறகு நல்ல ஆள்.

அவள் யோசித்தாள். "அவுரு வேணாம்னு சொல்லிக் கீறாருங்க மாமா. இந்த வூட்டுல காச்சல் வுட்டவங்களுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு கல்யாணமான புதுசுலயே சொன்னாரு" என்றாள். திருப்பூர்ப் பழக்கம் ஏதோ உனக்கு ஒட்டிக்கொண்டது என்று நான் நினைத்தேன். "அவன் கெடக்கறான், தலையெல்லாம் பிசுபிசுன்னு இருக்குது, நீ ஊத்தும்மா" என்றேன். அவள் தவலை நிறைய நொச்சி இலை போட்டுக் காய்ச்சி, விளாவி, கையை விட்டுப் பார்த்து ஊற்றினாள். சூடு அதிகம் என்று நான்தான் கத்தினேன். இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், பச்சைத் தண்ணீரை ஊற்றினாள் என்று உன் அத்தை ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாளே, அது பச்சைப் பொய். ஊற்றிக்கொண்ட மண்டை என்னுடையது. எனக்குத் தெரியாதா அது வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்று?

அடுத்த இரண்டு நாளும் நன்றாகத்தான் இருந்தேன். மக்காச்சோளக் கொல்லைக்குக்கூட ஒரு நடை போய்வந்தேன். பிறகு ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதே குளிர் எடுத்தது. பல் தந்தியடித்தது. மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்தியது. சளி துப்பினால் துரு கரைத்த மாதிரி நிறம். பூங்கொடி பயந்துபோய், தெருவில் பெரியவள் என்று உன் அத்தையைக் கூப்பிட்டாள். என் அக்காவை உனக்குத் தெரியும். அஞ்சலை வந்து நின்றால் அது ஆய்வு இல்லை, தீர்ப்பு. என் நெற்றியைத் தொடுவதற்கு முன்னாலேயே, "தலைக்கு ஊத்தினீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் இவள். "அதான். தண்ணி சேரலை. மலையில குளுரு சொனையில குளிச்சி வளந்தவ, இன்னா தெரியும் உனக்கு? கெழவன் ஒடம்பு தாங்குமா?" என்றாள். அவ்வளவுதான், வைத்தியம் முடிந்தது. தண்ணீர் சேரவில்லை என்றால் அதற்கு மருந்து என்ன? ஒன்றும் இல்லை. கதவைச் சாத்து, காற்றுப் படாமல் போர்த்து, தண்ணீரைக் கண்ணில் காட்டாதே, வாங்கின தண்ணீர் உடம்பை விட்டுத் தானாக இறங்கும். இதுதான் நம் ஊர் சட்டம். இந்தச் சட்டத்தைப் போட்டவன் எவன் என்று தெரிந்தால் அவனுக்கும் ஒரு கடிதம் எழுதுவேன்.

எனக்கு எங்கே பற்றி எரிகிறது என்று உனக்குப் புரிய வேண்டும். பழியைப் போட ஒரு ஆள் கிடைத்துவிட்டால், பிறகு நோயை யாரும் பார்ப்பதில்லை. அன்றைக்கு என் மூச்சு எப்படி ஓடுகிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. யார் ஊற்றினது, எந்தக் கிழமை ஊற்றினது, எத்தனை சொம்பு ஊற்றினது என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதையே பேசினார்கள். ஒருத்தி, செவ்வாய்க்கிழமை ஊற்றினதுதான் தப்பு என்றாள். நான் போர்வைக்குள் கிடந்து மூச்சுக்குத் தவிக்கிறேன், அவர்கள் தலைமாட்டில் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசுகிறார்கள். பக்கத்து வீட்டில் அவர்கள் பையனுக்கு வாங்கி மீந்த மாத்திரை என்று நாலு கொண்டுவந்து கொடுத்தார்கள். என்ன மாத்திரை, எதற்கு மாத்திரை என்று யாருக்கும் தெரியாது. சிவப்பாக இருந்தது, அதனால் நல்ல மாத்திரை.

நீ என்ன செய்தாய்? பூங்கொடி உனக்குப் போன் போட்டாள். மாமாவுக்குத் திரும்பவும் காய்ச்சல், சாப்பிட மாட்டேன் என்கிறார், படுத்தே கிடக்கிறார் என்றாள். நீ சொன்னதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "வயசாயிடுச்சில்ல, அப்படித்தான் இருக்கும். நான் ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன்" என்றாய். டேய், வயசு என்பது ஒரு வியாதியா? பல் போனால் வயசு, சரி. கண் மங்கினால் வயசு, அதுவும் சரி. போன வாரம் கொல்லையில் நின்றவன் இந்த வாரம் பாயைவிட்டு எழ முடியவில்லை என்றால் அதுவும் வயசா? மாடு ஒரு வேளை தீனி எடுக்கவில்லை என்றால் கால்நடை டாக்டருக்கு ஆள் அனுப்புகிற ஊர் இது. கிழவன் தீனி எடுக்கவில்லை என்றால் மட்டும் வயசு.

மறுநாள் காலையில் எனக்கு நினைவு சரியாக இல்லை. பிறகு அவர்கள் சொல்லித்தான் தெரியும். நான் எழுந்து உட்கார்ந்து, "வண்டியப் பூட்டுங்கடா, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏத்தணும், நேரமாச்சி" என்றேனாம். வண்டி மாட்டை விற்று எத்தனை வருஷம் ஆகிறது. அதிலும் உடம்பு அவ்வளவாகச் சுடவும் இல்லையாம். அதனால் உன் அத்தை சிரித்தாள். "காச்சலே கம்மியாயிடுச்சி, தண்ணி எறங்குது. பேச்சுதான் கொளறுது. வயசானா புத்தி தடுமாறும், வுடு" என்றாள். அப்போது பூங்கொடி ஒன்று கேட்டாள். அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். "நேத்து சாயங்காலம் வரைக்கும் தடுமாறலையே அத்தை. ஒரு ராத்திரியிலயா இவ்ளோ வயசாயிடும்?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் இவள் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டாள். "காத்துப் படக் கூடாது, வண்டியில ஏத்தாதே" என்று உன் அத்தை வாசலில் குறுக்கே நின்றாளாம். இவள் அவளைத் தாண்டித்தான் என்னை ஏற்றினாள்.

கள்ளக்குறிச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தார்கள், கையில் ஊசி குத்தி மருந்து இறக்கினார்கள். எனக்குத் தெளிவு வந்து கண் திறந்தபோது நீ வந்திருந்தாய். வந்து என்ன செய்தாய்? வார்டு வராந்தாவில், நோயாளிகளும் பார்க்க வந்தவர்களும் நம் ஊர்க்காரர்களும் நிற்க, "ஊத்தாதே ஊத்தாதேன்னு தலபாடா அடிச்சிக்கினேனே, ஊத்தி எங்கப்பனக் கொல்லப் பாத்தியாடி" என்று கத்தினாய். உன் அத்தை உனக்குப் பின்பாட்டு. நான் கையை ஆட்டினேன். மூச்சு வாங்கியதால் சத்தம் வரவில்லை. அவள் அழவில்லை. "தண்ணி ஊத்தினது நான்தான். காச்சலக் குடுத்தது நானில்ல" என்று சொல்லிவிட்டு, எனக்கு வைத்திருந்த கஞ்சித் தூக்கை நர்சிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறுகிற பஸ்ஸில் போனாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நீ ஞாயிற்றுக்கிழமை முடிந்ததும் கம்பெனிக்குப் போய்விட்டாய். எனக்குத் தெம்பு வந்ததும் நான் டாக்டரம்மாவைக் கேட்டேன். சின்ன வயசுப் பெண், பொறுமையாகப் பேசுகிறவர். "அம்மா, காச்சல் வுட்டு தலைக்குத் தண்ணி ஊத்தினதாலதான் எனக்கு இது வந்துதுங்களா?" என்றேன். "இல்லங்க தாத்தா. நீங்க ஊத்திக்கலன்னாலும் வந்திருக்கும்" என்றார். பிறகு விளக்கமாகச் சொன்னார். முதலில் வந்தது ஒரு கிருமி. அது மூச்சுப் போகிற வழியெல்லாம் புண்ணாக்கிவிட்டு, தன் வேலை முடிந்து போய்விட்டது. இரண்டாவது வந்தது வேறு கிருமி, வேறு ஜாதி. அது பல நேரம் நம் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா கிடக்குமாம். புண்ணான வழி கிடைத்ததும் நெஞ்சுக்குள் இறங்கிச் சீழ் வைத்துவிட்டது. முதல் காய்ச்சலை இந்த ஊசி மருந்து தொடாது, இரண்டாவதுக்கு இது இல்லாமல் முடியாது. கண்டவர் கொடுத்த மாத்திரையில் இரண்டும் கேட்காது. வயசானவர்களுக்கு எதிர்க்கிற சக்தி குறைவு, அதனால் இது அதிகம் வரும். காய்ச்சல்கூடச் சில நேரம் பெரிதாகத் தெரியாது, பேச்சுக் குழறும், சாப்பாடு இறங்காது, மூச்சு வேகமாக ஓடும், அதைத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

எனக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. மலையிலிருந்து காட்டுப் பன்றி இறங்கி மக்காச்சோளக் கொல்லை வேலியைப் பிய்த்துவிட்டுப் போகும். பன்றி போய்விட்டது என்று நாம் நிம்மதியாகத் தூங்குவோம். விடிந்ததும் பிய்ந்த இடம் வழியாக ஊர் ஆடெல்லாம் உள்ளே போய் மேய்ந்து முடித்திருக்கும். ஆடு பாவம், எப்போதும் வேலிக்கு வெளியில்தான் நிற்கிறது. வழியைத் திறந்தது பன்றி. டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்படியே வச்சிக்கங்க" என்றார். சளிக் காய்ச்சலுக்கும் நெஞ்சுச் சளிக்கும் பெரியவர்களுக்குத் தடுப்பூசி இருக்கிறதாம், உடம்பு தேறினதும் வரச் சொல்லியிருக்கிறார். போகப்போகிறேன். உன் அத்தையையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகப்போகிறேன். அவளுக்கு என்னைவிட வயசு அதிகம். வேலி பிய்ந்துகிடக்கும்போது, கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சினவளைப் பிடித்து அடித்தோமே முருகேசா, அதை நினைத்தால் பென்சிலை அழுத்திவிடுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் அதனால்தான்.

இங்கே வரைக்கும் எழுதிவிட்டு, உன்னை இன்னும் நாலு வார்த்தை நன்றாகத் திட்டுவது என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது. ஊற்றாதே என்று நீ ஏன் அவளிடம் கல்யாணமான புதிதிலேயே சொன்னாய்? அவளை மலையில் பார்த்து, இவள்தான் என்று பிடிவாதம் பிடித்துக் கூட்டிவந்தவன் நீ. அவள் மலைக்காரி என்று வேறு யாராவது வாய் திறந்தால் சண்டைக்குப் போனவன் நீ. நீயா அப்படிக் கத்தினாய்? பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் எழுதவில்லை.

உன் அம்மாவுக்கு வந்ததும் இதே மாதிரிதான். நீ படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த வருஷம். அவளுக்குக் காய்ச்சல் வந்து, பிறகு விட்டது. "பெத்த புள்ள கையால ஊத்தினா நல்லது, நீ ஊத்துடா" என்று உன் அத்தைதான் சொம்பை உன் கையில் கொடுத்தாள். நீ ஊற்றினாய். உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் ரெண்டு சொம்பு ஊத்துடா கண்ணு, நல்லாருக்குது" என்று உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திரும்பக் காய்ச்சல் வந்தது, விலாவில் குத்தல் என்றாள், தண்ணீர் சேரவில்லை என்று கதவைச் சாத்திப் போர்த்தினோம். அவள் போய்விட்டாள். எழவு வீட்டில் யாரோ ஒருத்தி, "தண்ணி ஊத்தினது ஆவாம போச்சி, பாவம்" என்றது எனக்கும் காதில் விழுந்தது. கூட்டத்தில் ஒரு பேச்சு என்று நான் விட்டுவிட்டேன். அது உன் காதில் எங்கே போய் விழுந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. தீபாவளிக்கு எல்லோரும் எண்ணெய் தேய்த்து உட்கார்ந்தால் நீ வெளியே போய்விடுவாய். உன் பெண்சாதி ஒரு சொம்பு ஊற்று என்று கூப்பிட்டால்கூட எழுந்து போய்விடுவாய். கூச்சம் என்று நாங்கள் சிரித்தோம்.

அதனால் நான் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாத்திரை வாங்குகிற சாக்கில் அந்த டாக்டரம்மாவுக்காகக் காத்திருந்தேன். உன் அம்மாவுக்கு வந்ததைச் சொன்னேன். "நான் பாக்காதவங்களுக்கு இன்னா நோய்னு உறுதியா சொல்ல முடியாது தாத்தா. நீங்க சொல்றதப் பாத்தா இதே மாதிரிதான் இருக்குது. ஆனா தண்ணி ஊத்தினதால அவங்க சாகல. அத நான் உறுதியா சொல்றேன்" என்றார். இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அதைத்தான் இங்கே பெரிய எழுத்தில் நிறுத்தி எழுதியிருக்கிறேன், பார். நீ ஊற்றின தண்ணீரால் உன் அம்மா சாகவில்லை. அவளுக்குக் கடைசியாக நன்றாக இருந்தது அந்தத் தண்ணீர்தான். இதை உன்னிடம் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் இத்தனை வருஷம் நீ தனியாகச் சுமந்தாய், பாரம் தாங்காமல் போனபோது அதைத் தூக்கி உன் பெண்சாதி தலையில் போட்டுவிட்டாய். புரிகிறது. புரிகிறது என்பதற்காகக் கோபம் போய்விடவில்லை. அவள் என்ன பாவம் செய்தாள்?

இனி கேள். திரும்ப வருகிற காய்ச்சல் பழைய காய்ச்சல் இல்லை. எனக்கோ, உன் அத்தைக்கோ, பின்னாளில் உனக்கோ, ஒரு காய்ச்சல் விட்டுத் திரும்ப வந்தால், யார் என்ன செய்தார்கள் என்று கேட்காதே, வண்டியைக் கூப்பிடு. அந்த வார்டில் எனக்கு எதிர்க் கட்டிலில் கிடந்த மனுஷனை அவர் வீட்டார் எனக்கும் பிந்திக் கொண்டுவந்தார்கள். அவர் வீடு திரும்பவில்லை. அங்கேயும் யாரோ ஒரு மருமகள் வராந்தாவில் தலைகுனிந்து நின்றாள்.

பூங்கொடியிடம் போனில் மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. மலைக்குப் போ. அவள் அம்மா வீட்டில் சாமை அறுப்பு நடக்கிறதாம், இரண்டு நாள் கூட நின்று அறுத்துக் கொடுத்துவிட்டுக் கூட்டிவா. இங்கே மாடு உன் அத்தையைப் பக்கத்தில் விடுவதில்லை. நேற்று பால் செம்பை உதைத்துத் தள்ளியது. "இதுவும் மலைக்காரி பேச்சைத்தான் கேக்குது" என்று அவள் திட்டுகிறாள். ஆனால் டாக்டரம்மா சொன்னதை நான் நாலு தரம் சொன்ன பிறகு, "அவ வந்தா வரட்டும், நான் இன்னா வேணாம்னா சொல்றேன்" என்கிற அளவுக்கு இறங்கியிருக்கிறாள். அஞ்சலைக்கு அது பெரிய இறக்கம்.

இன்னும் ஒன்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு உடம்புக்கு மட்டும்தான் ஊற்றிக்கொள்கிறேன், தலைக்கு ஊற்றவில்லை. டாக்டரம்மா தாராளமாக ஊற்றலாம் என்றுவிட்டார். வகுப்புப் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்காருகிறார்கள். இருந்தாலும் நிறுத்திவைத்திருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள். அவள் வெந்நீர் காய்ச்சி விளாவட்டும். சொம்பை நீ எடுத்து ஊற்று. தலை அரிக்கிற அரிப்புத் தாங்க முடியவில்லை, சீக்கிரம் வா.